பானிப்பட்டில் ஓர் ஆலோசனை

ஆள் கூடினால் பாம்பு சாகாது என்பது நம் பழமொழி. தனித்தனியே அறிவுடையோராக விளங்குபவர்கள் ஒன்றுகூடிய பின், அவர்களுள் எவருமே தனியாகச் செய்யத் துணியாத பிழையைச் செய்துவிடுவது எங்ஙனம்? வடநாட்டில் வாழும் நம்மில் பலர், தில்லியிலிருந்து அம்பாலா செல்லும் இரயிலில் பானிப்பட்டைக் கடந்திருப்போம். அவ்வூரின் வரலாறு இவ்வினாவுக்கு ஒரு விடை தருகிறது.

1761-ஆம் ஆண்டு ஜனவரி 14-ஆம் நாள் மராட்டியரும் ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலியும் அங்குப் பொருதனர். மராட்டியர் அவையில் மூடர் எவருமில்லை. சேனாதிபதி சதாசிவராவ் பாவ், முந்திய ஆண்டில்தான் உத்கீரில் நிஜாமின் படையை வென்றவர். இப்ராகிம் கான் கார்தி, ஐரோப்பிய முறையில் பயின்ற காலாட்படையையும் பீரங்கிகளையும் நடத்தியவர். மல்ஹர்ராவ் ஹோல்கர், விரைந்து தாக்கி விரைந்து மறையும் குதிரைப் போரில் முதிர்ந்தவர். பரத்பூர் ஜாட் மன்னர் சூரஜ்மல், அந்நிலத்தை நன்கறிந்தவர்.

பெண்டிரையும் கனத்த தளவாடங்களையும் கோட்டைகளில் விட்டுவிட்டு, இலகுவான குதிரைப்படையால் பகைவனின் உணவு வழியை அறுக்கலாம் என்றார் சூரஜ்மல். ஹோல்கரும் அதனை ஆதரித்தார். பீரங்கிகளை நம்பி நேருக்கு நேர் நின்று பொருவதே கார்தியின் முறை. இரண்டுமே நல்ல யோசனைகள். ஆனால் ஒன்றை ஏற்பவர் அதற்குரிய விலையையும் கொடுத்தாக வேண்டும்.

பாவ் பீரங்கிகளைத் தேர்ந்தார், விலையைக் கொடுக்கவில்லை. குடும்பத்தாரும் யாத்திரிகரும் படையுடனேயே சென்றனர். குதிரைத் தலைவர்கள் புதிய போர்முறையில் பயிற்றப்படவில்லை. தானியம் வரும் வழிக்கும் தக்க காவல் இல்லை. இவ்வாறு, எவருமே கூறாத மூன்றாவது திட்டம் ஒன்று உருவாயிற்று. மனங்கசந்த சூரஜ்மல் தம் படையுடன் விலகினார். மறுத்துரைக்கத் துணிந்த ஒரு குரல் அவையில் குறைந்தது.

1760 அக்டோபரில் மராட்டியர் வடக்கே குஞ்ச்புராவைக் கைப்பற்றினர். அம்மாத இறுதியில் அப்தாலி பாக்பத் அருகே யமுனையைக் கடந்து, அவர்களுக்கும் தில்லிக்கும் இடையே வந்து நின்றார். இரண்டு மாதங்களுக்கு மேல் இரு படைகளும் எதிரெதிரே நின்றன. மராட்டியப் பாசறையில் தானியம் தீர்ந்தது. பட்டினியால் மடிவதினும் பொருது மடிவதே மேல் என்று முடிவாயிற்று.

போர் நாளன்று காலையில் கார்தியின் படை பகைவருக்குப் பெருஞ்சேதம் விளைத்தது. ஆயினும் குதிரைத் தலைவர் சிலர் அணியைக் குலைத்து முன்னே பாய்ந்தனர். தம்மவர் குறுக்கிட்டதால் பீரங்கிகள் ஓய வேண்டியதாயிற்று. பின்னர் ஹோல்கர் களத்தை விட்டு அகன்றார். பேஷ்வாவின் மைந்தர் விசுவாசராவும் பாவும் வீழ்ந்தனர். கார்தி சிறைப்பட்டுக் கொல்லப்பட்டார்.

உணவின்மை, தூரம், பகைவனின் திறமை எனத் தோல்விக்குக் காரணங்கள் பல. எனினும் அவற்றை வளர்த்தது, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று அமைந்த அந்த முடிவே. இரண்டு நல்ல வழிகளின் நடுவழி நல்வழியாகவே இருக்கும் என்பது உறுதியன்று.

அயலூர்களில் சங்கங்கள் அமைத்து வாழும் நாமும், அனைவரையும் திருப்திப்படுத்த அரைகுறைத் தீர்மானங்களை நிறைவேற்றியதுண்டு. அடுத்த முறை கை தூக்குமுன் ஒன்றைக் கேட்டுக்கொள்வோம்: இத்தீர்மானத்தை நம்முள் ஒருவரேனும் தனியாக இருந்தால் விரும்பி ஏற்றிருப்பாரா?