ஈரம் ஆகாத திரவம்

மானாவாரிக் காட்டில் ஏர் ஓட்டும்போது கொழுமுனையில் தட்டுப்படும் வெங்கச்சாங்கல்லை நம்மில் பலர் கையில் எடுத்துப் பார்த்திருப்போம். இருட்டில் இரண்டு கற்களை உரசினால் உள்ளே மங்கலாக ஒளி ஓடும். அந்தக் கல் சிலிக்கா. மணலிலும் பாறையிலும் ஏராளமாகக் கிடக்கும் இந்த சிலிக்காதான் செல்போன் சில்லாகவும் கூரையில் பதிக்கும் சூரிய மின்தகடாகவும் மாறுகிறது. கல்லாகப் புறப்பட்டு, படிகமாகப் போய்ச்சேரும் அந்த வழியின் நடுவே கொஞ்ச காலம் அது திரவமாக இருக்கிறது. அந்தத் திரவத்தின் பெயர் டிரைகுளோரோசிலேன். சில்லுக்கும் மின்தகட்டுக்கும் மூலமான தூய சிலிக்கானைப் பாலிசிலிக்கான் என்கிறார்கள். உலகில் அதன் பெரும்பகுதி இந்தத் திரவத்தின் வழியாகத்தான் வருகிறது. ஆனாலும் அந்தத் தொழிலுக்கு வெளியே இதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

பயணத்தின் ஒரு தடத்தைப் பின்தொடர்வோம். நடு நார்வேயின் கடலோரத்தில் ஹொல்லா என்னும் இடத்தில் ஓர் உலை இருக்கிறது. ஜெர்மனியின் வாக்கர் நிறுவனம் 2010-இல் அதை வாங்கியது. மலிவான நீர்மின்சாரம் அங்கே கிடைக்கிறது. கல்லையும் கரியையும் மரச்சில்லுகளையும் மின்வில் உலையில் கொட்டி, சுமார் 2,000 டிகிரி வரை காய்ச்சுகிறார்கள். கரி, கல்லிலிருக்கும் ஆக்ஸிஜனைப் பிடுங்கிக்கொள்கிறது. அடியில் வழிவது சாம்பல் நிறத்தில் மின்னும் சிலிக்கான். தூய்மை 98, 99 விழுக்காடு. அலுமினியக் கலவைக்கு இது தாராளமாகப் போதும். சில்லுக்கோ ஒன்பது, பத்து ஒன்பதுகள் அடுக்கிய தூய்மை வேண்டும். திடப்பொருளாக வைத்துக்கொண்டு அந்த அளவுக்கு அழுக்கு எடுப்பது மிகக் கடினம். அதனால்தான் அதைத் திரவமாக்க வேண்டியிருக்கிறது.

அந்த வேலை நடப்பது ஜெர்மனியின் பவேரியாவில், சால்சாக் ஆற்றங்கரையில் இருக்கும் புர்க்ஹவுசனில். பொடித்த சிலிக்கானுக்குள் சுமார் 300 டிகிரி வெப்பத்தில் ஹைட்ரஜன் குளோரைடு வாயுவைச் செலுத்துகிறார்கள். ஒரு சிலிக்கான் அணுவோடு மூன்று குளோரினும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்துகொள்கின்றன. குளிர்வித்தால் தண்ணீர் போலவே நிறமில்லாத திரவம் கிடைக்கிறது. தண்ணீரைப் போலத் தெரிகிற இந்தத் திரவத்துக்குத் தண்ணீரே ஆகாது.

இதன் கொதிநிலை சுமார் 32 டிகிரி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் திறந்து வைத்தால் அடுப்பே இல்லாமல் கொதித்துப் போய்விடும். ஆவி காற்றைவிட நாலரை மடங்குக்கும் மேல் கனமானது. மேலே எழும்பாமல் தரையோடு தவழ்ந்து குழிகளிலும் வடிகால்களிலும் இறங்கும். உறைபனிக் குளிரிலும் பற்றிக்கொள்ளும். இத்தனைக்கும் மேலாக, காற்றிலுள்ள ஈரம் பட்ட மாத்திரத்தில் தன்னிடமிருக்கும் குளோரினை அமிலமாகக் கக்கிவிடும். ஒரு கிலோ திரவம் முழுவதும் நீரோடு வினைபுரிந்தால் ஏறத்தாழ 800 கிராம் ஹைட்ரஜன் குளோரைடு வரும். நம் கண்ணும் மூக்கும் தொண்டையும் நுரையீரலும் ஈரமானவை. ஆகவே இந்த ஆவி உடம்பில் முதலில் தேடிப் பிடிப்பது அவற்றைத்தான்.

ஐரோப்பிய சாலைகளில் இதை ஏற்றிச்செல்லும் டேங்கர் லாரியின் பின்புறம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பலகை இருக்கும். மேல்வரியில் எக்ஸ் 338, கீழ்வரியில் 1295. கீழே உள்ளது ஐக்கிய நாடுகள் அவை தந்த அடையாள எண். மேலே இருக்கும் 33 எளிதில் பற்றும் என்பதையும் 8 அரிக்கும் என்பதையும் சொல்கின்றன. எண்ணுக்கு முன்னால் நிற்கும் எக்ஸ் என்ற எழுத்து, தண்ணீரோடு ஆபத்தாக வினைபுரியும், கிட்டே கொண்டுவராதே என்ற எச்சரிக்கை. தீயணைப்பு வண்டியோடு ஓடிவருகிறவர் முதலில் பார்க்கவேண்டியது அந்த எழுத்தைத்தான். இந்தத் தீயில் நேரடியாக நீரைப் பீச்சினால் அமில மேகம் பெருகும். ஆல்கஹால் தாங்கும் வகை நுரையால் திரவத்தை மூடுவதுதான் தொழிலில் பரிந்துரைக்கப்படும் முறை. தீயும் பெட்ரோல் தீ போல உயர்ந்து எரியாது. திரவத்தின் மேல் தாழ்வாகப் படர்ந்து எரிந்து வெள்ளைப் புகையைக் கிளப்பும். சுவாலை பெரிதாகத் தெரியவில்லையே என்று கிட்டே போகக் கூடாது.

ஆலைக்குள் இதற்கான ஒழுக்கங்கள் எல்லாம் ஈரத்தை விரட்டுவதற்காகவே ஏற்பட்டவை. திரவத்தை உள்ளே விடுமுன் உலர்ந்த நைட்ரஜனை ஓட்டிக் குழாயைக் காயவைக்கிறார்கள். கலத்தில் திரவத்துக்கு மேலே எப்போதும் நைட்ரஜன் போர்த்தியிருக்கும். இணைப்புகள் முடிந்தவரை வெல்டிங். பிளாஞ்சு போட்டே ஆகவேண்டிய இடத்தில் கேஸ்கெட்டின் மேல் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். எங்காவது கசிந்தால் அந்த இடத்தில் வெள்ளைப் புகை இழையும், உப்புப் பூத்ததுபோல் வெண்ணிறப் பொருக்கு கட்டும். ஈரம் பட்டு உருவான சிலிக்காப் பொருக்கு அது. அனுபவமுள்ள ஆபரேட்டர் அதைத் துடைத்துவிட்டுப் போகமாட்டார், லைனை நிறுத்தச் சொல்வார்.

அடுத்த கட்டம் காய்ச்சி வடித்தல். திரவத்தோடு கலந்திருப்பவற்றில் போரான் டிரைகுளோரைடு சுமார் 12 டிகிரியிலும் சிலிக்கான் டெட்ராகுளோரைடு 57 டிகிரியை ஒட்டியும் பாஸ்பரஸ் டிரைகுளோரைடு 76 டிகிரியிலும் கொதிக்கின்றன. உயரமான கோபுரங்களில் திரும்பத் திரும்ப வடித்து நடுவிலிருக்கும் 32 டிகிரிக்காரரை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். கல்லோடு கூடவே வந்த அழுக்கு இங்கேதான் கழன்றுகொள்கிறது.

இதைத் திரும்பவும் திடமாக்கும் முறை 1950-களில் உருவானது. பிராங்கோனியாவின் பிரெட்ஸ்பெல்டில் இருந்த சீமென்ஸ் ஆய்வுக்கூடத்தில், எபர்ஹார்ட் ஸ்பெங்கேயின் தலைமையில் வளர்ந்த அது இன்றும் சீமென்ஸ் முறை என்றே அழைக்கப்படுகிறது. மணி வடிவக் கலத்துக்குள் விரல் தடிமனுக்கும் குறைவான சிலிக்கான் கம்பிகள் தலைகீழ் ‘ப’ போல நிற்கும். மின்சாரம் பாய்ந்து 1,100 டிகிரியை ஒட்டிச் சிவந்திருக்கும் அவற்றின்மேல் ஹைட்ரஜனோடு கலந்த ஆவி படும்போது சிலிக்கான் ஒட்டிக்கொள்கிறது. நாட்கணக்கில் கம்பி தடித்துத் தடித்துத் தொடை பருமனாகிவிடும். ஒட்டியது போக மிஞ்சிய குளோரின், பெரும்பாலும் சிலிக்கான் டெட்ராகுளோரைடாக வெளியே போகிறது.

உற்பத்தி ஓடும்போது எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்கள். இந்தத் தொழில் ஆளைக் கொன்ற கதைகளைப் படிக்கும்போது திரும்பத் திரும்ப வருவது பராமரிப்பு வேலை நடந்த நேரம்.

2014 ஜனவரி 9. ஜப்பானின் மியே மாகாணத்தில் யொக்காய்ச்சி நகரிலிருக்கும் மித்சுபிஷி மெட்டீரியல்ஸ் ஆலை. கலத்திலிருந்து வரும் வாயுவைக் குளிர்விக்கும் வெப்பப் பரிமாற்றி ஒன்றைச் சுத்தம் செய்யக் கழற்றி வைத்திருந்தார்கள். அதன் உள்சுவரில் குளோரோசிலேன்கள் சங்கிலியாகக் கோத்துக்கொண்ட பிசின் போன்ற படிவு ஒட்டியிருந்தது. நேரே திறந்தால் பற்றும் என்பதால் ஈரமேற்றிய நைட்ரஜனைப் பல வாரங்கள் உள்ளே செலுத்தி, மெதுவாக வினைபுரியவிட்டு அதைச் சாதுவாக்கப் பார்த்தார்கள். நோக்கம் சரிதான். ஆனால் தாழ்ந்த வெப்பநிலையில் ஈரம் பட்டு உருவான அந்தப் பொருள், உலர்ந்ததும் அதிர்ச்சி தாங்காத வெடிபொருளாகிவிட்டிருந்தது. மூடியைத் திறந்த வேளையில் வெடித்தது. ஐந்து பேர் இறந்தார்கள், பத்துக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். உள்ளே திரவமே இல்லை. ‘காலி’ என்று எல்லோரும் நினைத்த இரும்புக்கலம் அது.

2020 நவம்பர் 13. அமெரிக்காவின் டென்னசியில், சார்ல்ஸ்டன் ஊரிலிருக்கும் வாக்கர் பாலிசிலிக்கான் ஆலை. ஐந்தாம் தளத்தில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் கிராபைட்டால் ஆன ஒரு வெப்பப் பரிமாற்றியின் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தபோது அது உடைந்து ஹைட்ரஜன் குளோரைடு பீறிட்டது. அதே தளத்தில் வேறு வேலையாக இருந்தவர்களிடம் பாதுகாப்பு உடை இல்லை. இறங்கப் படிக்கட்டும் ஒன்றே ஒன்றுதான். வெள்ளை மேகத்தில் அது தெரியாமல் மூன்று பேர் கட்டமைப்பின் வெளிப்பக்கமாக இறங்க முயன்று விழுந்தார்கள். ஒருவர் இறந்தார். வாயுவை அடக்க எத்தனையோ கருவிகளை வைத்தவர்கள், மனிதன் இறங்க இரண்டாவது படிக்கட்டு வைக்கவில்லை. இதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

பயணத்தின் கழிவுக்கும் ஒரு கதை உண்டு. சீனாவின் ஹெனான் மாகாணத்தில் காவ்லொங் கிராமத்து வயல்களையொட்டி ஓர் ஆலை சிலிக்கான் டெட்ராகுளோரைடைக் கொட்டிவந்தது 2008-இல் செய்தியானது. அதைத் திரும்ப டிரைகுளோரோசிலேனாக மாற்றும் வழி அப்போதே தெரியும். முதலீடும் மின்சாரமும்தான் அதற்கு வேண்டும். 2011-இல் சீனா, இந்தக் கழிவில் குறைந்தது 98.5 விழுக்காட்டை மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று விதித்தது. மண்ணில் கொட்டினால் மலிவு, மண்ணின் விலையைக் கணக்கில் சேர்க்காதவரை.

இந்தத் திரவம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. சுதந்திரத்துக்கு முன்பே ரசாயனத் தொழில் வேர்பிடித்த மேட்டூரில், 1980-களில் மெட்கெம் சிலிக்கான் என்ற நிறுவனம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் துணையோடு பாலிசிலிக்கான் தயாரித்தது. உலகச் சந்தையின் அளவுக்கு அது வளரவில்லை. பின்னாளில் மத்திய அரசின் ஊக்கத்தொகைத் திட்டம் பாலிசிலிக்கானிலிருந்தே தொடங்கும் ஆலைகளை அழைத்தது. திருநெல்வேலிக்கு அருகே கங்கைகொண்டானில் சூரிய மின்கலன் ஆலை வந்துவிட்டது. மின்கலன் செய்யும் வேலையில் பயன்படுவது இந்தத் திரவத்தின் உடன்பிறப்பான சிலேன் வாயு. காற்றுப்பட்டாலே தானாகப் பற்றும். சில வேளை உடனே பற்றாமல் தேங்கி நின்று ஒரேயடியாக வெடிக்கும்.

ஆலைகள் வரட்டும். சூரிய மின்சாரம் நமக்கு வேண்டும். உரிமம் தரும் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் ஆலை நடத்துவோருக்கும் ஒரு கோரிக்கை. உற்பத்தி ஓடும் நாளில் வந்து பார்ப்பதோடு நில்லாமல் ஷட்டவுன் நாளிலும் வந்து பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பிளாஞ்சைக் கழற்றும் ஒப்பந்தத் தொழிலாளியிடம், அந்தக் குழாய்க்குள் என்ன இருந்தது என்று அவர் மொழியில் சொல்லப்பட்டதா என்று கேளுங்கள். பக்கத்தில் பெயின்ட் அடிப்பவருக்கும் அதே பாதுகாப்பு உடை இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தளத்திலிருந்தும் இறங்க இரண்டு வழி இல்லாத ஆலைக்கு அனுமதி கொடுக்காதீர்கள்.