ஆலைத் திடலில் வளர்ந்த கோல்காரர்

1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், தென்கொரிய நிறுவனமான ஹூண்டாயின் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார்கள் வெளிவரத் தொடங்கின. அதே ஆண்டு டிசம்பரில் பாங்காக் ஆசிய விளையாட்டின் ஹாக்கி இறுதிப் போட்டியில், தென்கொரியாவைப் பெனால்டி ஷூட்-அவுட்டில் வென்று இந்தியா தங்கம் வாங்கியது. 1966-க்குப் பிறகு கிடைத்த ஆசியத் தங்கம் அது. அந்த அணியின் தலைவர் தன்ராஜ் பிள்ளை. அவர் ஓர் ஆலை வளாகத்தில் வளர்ந்த பிள்ளைதான்.

புனேயை ஒட்டிய கட்கியில் 1869-இல் வெடிமருந்துத் தொழிற்சாலை தொடங்கப்பட்டது. பிழைப்புத் தேடி அங்கே போய்க் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் பல. அவற்றில் ஒன்று நாகலிங்கம் பிள்ளை, ஆண்டாளம்மா தம்பதியின் குடும்பம். நாகலிங்கம் தொழிற்சாலையின் விளையாட்டுத் திடலைப் பராமரிக்கும் வேலையில் இருந்தார். 1968 ஜூலை 16 அன்று நான்காவது மகனாகப் பிறந்த தன்ராஜுக்கு அந்த ஊழியர் குடியிருப்பே உலகம். புது மட்டை வாங்க வசதியில்லை. பெரியவர்கள் ஆடி உடைத்த மட்டையும், கழித்துப் போட்ட பந்துமே அண்ணன் தம்பிகளுக்குக் கிடைத்தன. கால் ஒட்டும் மண்ணில் அந்தப் பந்தைத் தள்ளிக்கொண்டு ஓடிப் பழகினார்கள். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியின் முகமது ஷாஹித்தான் தன்ராஜின் ஆதர்சம். அவரைப் போலவே பந்தை மட்டையோடு ஒட்டவைத்து ஓடிப் பார்ப்பார்.

திடல் கட்கியில் கிடைத்தது. சோறு போட்டது மும்பை.

அந்நாளில் மும்பை ஹாக்கி லீக்கில் ஆலைகளும் வங்கிகளும் விமான நிறுவனங்களும் சொந்த அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுபவனுக்கு வேலை, மாதச் சம்பளம், பயிற்சிக்கு நேரம் எல்லாம் நிறுவனமே கொடுக்கும். அவன் அதன் பெயரைச் சுமந்து ஆடுவான். தன்ராஜின் அண்ணன் ரமேஷ், ராஷ்ட்ரிய கெமிக்கல்ஸ் உர ஆலையின் அணியில் ஆடி, இந்தியாவுக்கும் ஆடியவர். எண்பதுகளின் நடுவில் அண்ணனிடம் வந்து சேர்ந்த தம்பி, மஹிந்திரா நிறுவன அணியில் இடம்பிடித்தார். அங்கே ஜோக்விம் கார்வாலோவின் பயிற்சி கிடைத்தது. 1989-இல் டெல்லியில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காகக் களமிறங்கினார். பிற்பாடு இந்தியன் ஏர்லைன்ஸ் அவருக்கு வேலை கொடுத்தது.

பிறகு பதினைந்து ஆண்டுகள். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், 1990 முதல் 2002 வரை நான்கு உலகக் கோப்பை, நான்கு ஆசிய விளையாட்டு, நான்கு சாம்பியன்ஸ் டிராபி. மொத்தம் 339 சர்வதேசப் போட்டிகள். எதிரணி முழுவதும் பின்னால் துரத்தி வர, தோள்வரை வளர்ந்த முடி பறக்க அவர் பாய்ந்தால், அரங்கமே எழுந்து நிற்கும்.

ஆனாலும் காயங்கள் நிறைய. பாங்காக் தங்கத்துக்குப் பின், தன்ராஜும் இன்னும் ஆறு மூத்த வீரர்களும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஓய்வு கொடுத்திருப்பதாகச் சொன்னது ஹாக்கி சம்மேளனம். படிக்காசும் வசதியும் போதவில்லை என்று அவர் வாய்திறந்து பேசியதற்கான தண்டனையாகவே பலரும் அதைப் பார்த்தார்கள். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை. 1-0 என்று முன்னிலையில் இருந்தபோது, ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து சமன் செய்துவிட்டது. ஒலிம்பிக் பதக்கம் கடைசிவரை அவர் கைக்கு வரவில்லை.

அவர் மொத்தம் எத்தனை கோல் அடித்தார்? 170-க்கு மேல் இருக்கும் என்கிறார்கள். அந்நாளில் சம்மேளனம் முறையான கணக்கு எதுவும் வைத்திருக்கவில்லை. ஆனால் ஆஸ்திரேலியாவின் 'ஆஸ்திரேலியன் ரூல்ஸ்' கால்பந்தில் கம்பத்துக்குப் பின்னால் நிற்கும் கோல் நடுவர், இரண்டு கொடிகளை அசைத்துவிட்டுக் கையிலிருக்கும் அட்டையில் அப்போதே குறித்துக்கொள்வார். அதனால்தான் டோனி லாக்கெட் என்ற வீரர் 281 ஆட்டங்களில் 1,360 கோல் அடித்தார் என்பது அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். 1999-இல் அவர் கார்டன் கவென்ட்ரியின் 1,299 கோல் சாதனையைத் தாண்டியபோது, ரசிகர்கள் திடலுக்குள் வெள்ளமாய் இறங்கினார்கள். கேல் ரத்னாவும் பத்மஸ்ரீயும் கொடுத்த நாடு, தன்ராஜின் கோல்களையும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் இந்த ஆலை மரபு உண்டு. பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை குடியிருப்பும் திடலும் கட்டி, ஹாக்கி அணியும் வளர்த்தது. நூற்பாலையும் தீப்பெட்டியும் பிழைப்பான கோவில்பட்டியில் ஹாக்கி இன்றும் தெருப்பேச்சு. அங்கே பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022-இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடினார்கள். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டத்தில் கார்த்தி கோல் அடித்தார்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வந்தது வேறு மாதிரியான ஆலை வாழ்க்கை. ஆலையோடு குடியிருப்பு, குடியிருப்பின் நடுவில் திடல் என்ற பழைய அமைப்பு இங்கே பெரும்பாலும் கிடையாது. ஷிப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ் ஆட்களை வாடகை அறைகளிலும் ஊர்களிலும் இறக்கிவிட்டுப் போய்விடும். 2024-இல் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் பெரிய விடுதியைத் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் திறந்தது. தொழிலாளர் தங்க இடம் கட்டுவது அரசின் வேலை என்பது அதில் மறுபடி ஒப்புக்கொள்ளப்பட்டது. அடுத்து அவர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆடவும் இடம் வேண்டும். ஹாக்கித் திடலின் நீளம் 91.4 மீட்டர், அகலம் 55 மீட்டர். ஏறத்தாழ ஒண்ணேகால் ஏக்கர். நூற்றுக்கணக்கான ஏக்கரில் போடப்படும் ஒவ்வொரு தொழிற்பூங்கா வரைபடத்திலும் அதைக் குறித்துவிடலாம். ஆண்டுதோறும் ஆள் எடுக்கும் ஆலைகள், ஒரு லீக் அணிக்கு வேண்டிய வேலைகளை உள்ளூர் ஆட்டக்காரர்களுக்கென ஒதுக்கி வைக்கலாம்.