30 பைட்டுக்குள் அடங்காத யாழ்ப்பாணம்

எங்களில் ஒருவரின் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் போன மாதம் திறந்து பார்த்தோம். உள்ளே கிடந்த பாட்டுகளில் பாதிக்கு 'ட்ராக் 01', 'ட்ராக் 02' எண்டுதான் பெயர். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் இருந்தது. ஆனால் பாடியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ ஒரு இணையத்தள முகவரி! பாட்டின் பெயர் கோப்புக்குள் எங்கே இருக்கு, அதை யார் எழுதினம் எண்டு தேடத் தொடங்கினோம்.

1982இல் வந்த ஓடியோ சீ.டி.யில் பாட்டின் பெயருக்கு இடம் இருக்கவில்லை. கணினியில் போட்டால் வெறும் இலக்கம்தான் தெரியும். இதற்குத் தீர்வாக 1990களில் டி கான் என்பவர் சீ.டி.டி.பி. என்ற தரவுத்தளத்தைத் தொடங்கினார். பாட்டுகளின் நேர அளவை வைத்து அது சீ.டி.யை அடையாளம் காணும். பெயர்களைத் தட்டச்சு செய்து கொடுத்தது சாதாரண இரசிகர்கள். ஒரு சதம் வாங்காமல். 1998இல் அது விற்கப்பட்டு, பிறகு கிரேஸ்நோட் என்ற வணிக நிறுவனமானது. அதற்கு மாற்றாகத்தான் ஃப்ரீடிபி, மியூசிக்பிரெய்ன்ஸ் போன்ற திறந்த தளங்கள் வந்தன.

எம்பி3 கோப்பிலும் முதலில் இதே சிக்கல்தான். 1996இல் எரிக் கெம்ப் என்பவர் கோப்பின் வாலில் 128 பைட்டை ஒட்டவைத்தார். அதுதான் ஐடி3. பாட்டின் பெயருக்கு 30 பைட், பாடியவருக்கு 30, தொகுப்புக்கு 30, ஆண்டுக்கு 4. பாட்டை எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் தனி இடமே இல்லை.

அந்த 30 பைட் இலத்தீன் எழுத்தை நினைத்து வைத்த கணக்கு. இண்டைக்குப் பரவலாக உள்ள யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து, குற்று, கால் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேணும். 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லுக்கே 33 பைட். எங்கட ஊரின் பெயரே முழுசாய் உள்ளே போகாது!

1998இல் ஐடி3இன் இரண்டாம் வடிவம் வந்தது. யூனிகோட்டுக்கு வழி திறந்தது. பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் தனித்தனி இடம் கிடைத்தது. இடம் வந்து 25 வருசத்துக்கு மேலாச்சு. எங்கட பாட்டுகளில் அது இன்னும் வெறுமையாய்த்தான் கிடக்கு.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியிருந்து எழுதத் தொடங்கினோம். அப்பாமாரிட்டயும் பெரியம்மாமாரிட்டயும் பாட்டைப் போட்டுக் காட்டி, "இது ஆர் பாடினது?" எண்டு கேட்டோம். தெரிந்ததைத் தமிழில் எழுதினோம். தெரியாததை வெறுமையாய் விட்டோம். பிழையான பெயர் ஒருமுறை ஏறினால், பிறகு கொப்பி பண்ணுற எல்லாரிட்டயும் அதுதான் போய்ச் சேரும்.

உங்கட வீட்டிலயும் 'ட்ராக் 01' ஒண்டு இருக்கும். அதைச் சொல்லக்கூடிய ஆக்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவையுங்கோ.