கோலில் விழும் பள்ளம்

ஸ்னூக்கர் 1875இல் ஜபல்பூரின் ராணுவ விடுதியில் உருவானது. உருவாக்கிய நெவில் சேம்பர்லினுக்கு அப்போது வயது 19. பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரானவர் அதே பெயருள்ள வேறொருவர். ஆட்டத்தின் விதிகள் 1882இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் எழுதி மாட்டப்பட்டன.

ஆட்டத்தோடு, பந்தை அடிக்கும் கோலைப் பழுது பார்க்கும் வேலையும் பரவியது. ஸ்னூக்கருக்கு முந்தைய பில்லியர்ட்ஸில், தொடக்கத்தில் தட்டையான தலை கொண்ட கட்டையால்தான் பந்தைத் தள்ளினார்கள். மெலிந்த கோல் பிறகு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர் மேங்கோ அதன் நுனிக்குத் தோல் பொருத்தினார். ஸ்னூக்கர் கோலுக்குப் பெரும்பாலும் ஆஷ் மரம், அமெரிக்கப் பூல் கோலுக்கு மேப்பிள்.

மேசை விளிம்பில் இடித்தால் கோலில் பள்ளம் விழும். அங்கே மரம் குறைவதில்லை, நார்கள் நசுங்கி அமுங்கியிருக்கும், அவ்வளவே. மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுவதுபோல, ஈரமும் சூடும் பட்டால் அந்த நார்கள் மீண்டும் எழும். பள்ளத்தின் மேல் மட்டும் நனைத்த துணித்துண்டை வைத்து, இஸ்திரிப் பெட்டியின் முனையால் சில விநாடி தொட்டு எடுப்பார்கள். ஆவி உள்ளே இறங்கும். தேவைப்பட்டால் இன்னொரு முறை. அவசரக்காரர்கள் கெடுப்பது இதற்குப் பிறகுதான்: நன்றாகக் காயும் முன்பே உப்புத்தாள் போட்டால், மரம் உலர்ந்து சுருங்கும்போது அதே இடத்தில் குழி விழும். காய்ந்தபின் மிக நயமான தாளால் நீளவாக்கில் தேய்த்து, தோலால் சூடேற உருவி வழவழப்பாக்குவார்கள். வார்னிஷ் பூசிய கோலில் முதலில் அந்தப் பூச்சைச் சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் இறங்காது. நார் அறுந்திருந்தால் ஆவியால் பயனில்லை. பசையிட்டு அடைக்க வேண்டியதுதான்.