வாட்டும் வெளிச்சமும்: வீட்டு விளக்கின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஹைதராபாத் போவன்பள்ளி காய்கறிச் சந்தையில் தேங்கும் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்கப்படுகிறது. இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகத்தின் முறையில் இயங்கும் அங்குள்ள உயிர்வாயு நிலையம், நாளொன்றுக்குச் சுமார் 10 டன் கழிவைக் கொண்டு 500 யூனிட் வரை தரவல்லது. சந்தையின் விளக்குகள் அம்மின்சாரத்தில் எரிகின்றன. 2021 ஜனவரியில் பிரதமரின் வானொலி உரையிலும் இச்செய்தி இடம்பெற்றது.

500 யூனிட் என்பது எவ்வளவு வெளிச்சம்? இவ்வினாவிற்கு நேரடி விடை இல்லை. ஒரு யூனிட்டில் 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ 17 மணி நேரம் எரியும். அதைவிடக் குறையாத வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்போ 111 மணி நேரம் எரியும். வாட்டும் யூனிட்டும் செலவின் அளவைகள். ஒளியின் அளவைகள் அல்ல. ஆயினும், நம் வீடுகளில் எந்த அறைக்கு எவ்வளவு வெளிச்சம் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தவை இவையே.

ஒளிக்கென்று தனி அளவை இல்லாமல் இல்லை. 1860ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் எரிவாயுச் சட்டம், திமிங்கில மெழுகால் ஆன ஒரு மெழுகுவத்தியின் ஒளியை அலகாக நிறுவியது. 1948இல் கேண்டெலா பன்னாட்டு அலகாயிற்று. விளக்கு உமிழும் மொத்த ஒளி லூமென் என்றும், ஒரு சதுர மீட்டர் பரப்பில் விழும் லூமென் லக்ஸ் என்றும் வழங்கலாயின. இச்சொற்கள் பாடநூல்களில் தங்கிவிட்டன. கடைவீதிக்கு வந்தது வாட் மட்டுமே. நாற்பது, அறுபது, நூறு என்று கேட்டே பல்பு வாங்கினோம். படுக்கையறைக்கு ‘ஜீரோ வாட்ஸ்’ பல்பு வாங்கினோம். அது உண்மையில் 12 முதல் 15 வாட் வரை இழுக்கும். பழைய மின்னளவிகள் அச்சிறு செலவைப் பெரும்பாலும் பதிவு செய்யாததால் அப்பெயர் நிலைத்தது. கட்டணத்தில் தெரியாதது சுழியம் எனப்பட்டது.

இதன் சமூகப் பொருள் கவனத்திற்குரியது. தமிழ்நாட்டில் குடிசைகளுக்கான இலவச இணைப்பு, 40 வாட்டுக்கு மிகாத ஒற்றை விளக்கையே நெடுங்காலம் அனுமதித்தது. 1988-89இல் தொடங்கிய நடுவண் அரசின் குடீர் ஜோதித் திட்டமும் வீட்டுக்கு ஒரு விளக்கையே வழங்கியது. மண்ணெண்ணெய் விளக்கிலிருந்து அது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 1987இல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட கட்டடக் கையேடு, வீட்டுப்பாடத்திற்கும் தொடர்ந்த வாசிப்பிற்கும் 300 லக்ஸ், சமையலறைக்கு 200, குளியலறைக்கும் மாடிப்படிக்கும் 100, தையல் வேலைக்கு 700 என வரையறுத்தது. 40 வாட் குண்டு பல்பின் ஒளி சுமார் 400 லூமென். பத்துச் சதுர மீட்டர் குடிசையில் அது முழுவதும் தரையில் விழுந்தாலும் சராசரி 40 லக்ஸ்தான். ஒரே காலத்தில் ஓர் ஆவணம் மாணவரின் கண்ணுக்கு வேண்டியதைச் சொன்னது. மற்றொன்று அரசு ஏற்கும் செலவைச் சொன்னது. வீட்டை அடைந்தது இரண்டாவதே.

2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டம் இக்கணக்கை மாற்றியது. 2014இல் அரசுக் கொள்முதலில் 310 ரூபாயாக இருந்த எல்.இ.டி. பல்பின் விலை, சில ஆண்டுகளில் 40 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் வழங்கப்பட்டன. ஆயினும் பழைய பழக்கம் மறையவில்லை. இன்றும் ‘ஒன்பது வாட்’ என்றே கேட்கிறோம். பெட்டியில் அச்சிட்டுள்ள லூமெனைப் படிப்பதில்லை.

படித்தால் கணக்கு எளிது. எட்டுக்குப் பத்தடிச் சமையலறை ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர். 200 லக்ஸுக்கு 1,480 லூமென் மேடையை அடைய வேண்டும். சுவரும் கூரையும் பாதியை விழுங்கும் எனக் கொண்டால் விளக்குகள் 3,000 லூமென் தர வேண்டும். ஒரு 9 வாட் பல்பு தருவது சுமார் 900. மேலும், கூரை நடுவிலுள்ள விளக்கு சமைப்பவரின் முதுகில் விழுந்து, அவர் நிழலையே மேடையில் கிடத்தும். அலமாரியின் அடியில் ஒரு விளக்குப் பட்டை வைத்தால் குறைந்த செலவில் இது தீரும். அதேபோல், படுக்கையறை முழுவதையும் 300 லக்ஸுக்கு உயர்த்த வேண்டியதில்லை. படிக்கும் மேசைக்கு ஒரு மேசைவிளக்குப் போதும்.

மின்மயமாக்கலின் வரலாறு இணைப்புகளின் எண்ணிக்கையாகவும் மெகாவாட்டாகவும் எழுதப்பட்டுள்ளது. வீட்டினுள் எந்த அறையில், யாருடைய வேலையின்மேல், எத்தனை லக்ஸ் விழுந்தது என்ற வரலாறு இன்னும் எழுதப்பட வேண்டியதாகவே உள்ளது. பாட்டியின் சமையலறையில் எந்தப் பல்பு எரிந்தது, தந்தை எந்த வெளிச்சத்தில் படித்தார் என்பனவற்றை நினைவுள்ளோர் இருக்கும்போதே கேட்டுப் பதிவு செய்யுமாறு ஆய்வு மாணவர்களை வேண்டுகிறேன்.