வேறுபாடு உண்டா, வேறுபாடு எவ்வளவு: மகலனோபிஸின் தொலைவளவையும் விளைவு அளவின் முன்வரலாறும்

கல்வியியல், உளவியல், வணிகவியல் ஆய்வேடுகளில் ‘இரு குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது’ என்னும் தொடர் மீண்டும் மீண்டும் வருகிறது. அவ்வேறுபாடு எவ்வளவு என்பது பல ஆய்வேடுகளில் சொல்லப்படுவதே இல்லை. அதைச் சொல்லும் எண்ணே விளைவு அளவு. இதன் வரலாற்றை அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கோஹன் 1969இல் வெளியிட்ட நூலிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆனால், வேறுபாடு உண்டா என்ற வினாவையும் எவ்வளவு என்ற வினாவையும் பிரித்தறிய வேண்டும் என்னும் வாதம் அதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே கல்கத்தாவில் எழுந்துவிட்டது.

அக்காலத்தில் மண்டையோட்டு அளவுகளைக் கொண்டு மக்கட்குழுக்களை ஒப்பிடுவதற்கு லண்டனில் கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடம் ‘இன ஒப்புமைக் கெழு’ என்றொரு சூத்திரத்தைப் பயன்படுத்தியது. ஒவ்வொரு பண்பிலும் இரு குழுக்களின் சராசரி வேறுபாட்டைத் திட்டவிலக்கத்தால் வகுத்து வர்க்கப்படுத்துவர். அதனை மாதிரிகளின் எண்ணிக்கையைச் சார்ந்த ஒரு காரணியால் பெருக்குவர். சிக்கல் இக்காரணியில்தான் இருந்தது. இரு குழுக்களின் சராசரி உயரம் அரை சென்டிமீட்டர் வேறுபடுவதாகவும் திட்டவிலக்கம் 6 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். குழுவுக்கு 50 பேரை அளந்தால் இப்பண்பு கெழுவுக்குத் தரும் பங்கு சுமார் 0.17. குழுவுக்கு 10,000 பேரை அளந்தால் அதே அரை சென்டிமீட்டருக்கு 34.7 கிடைக்கும். இரண்டு மக்கட்குழுக்கள் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பதை, அருங்காட்சியகத்தில் எத்தனை மண்டையோடுகள் சேர்ந்திருந்தன என்பது தீர்மானித்தது!

கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியின் இயற்பியல் பேராசிரியரான பி. சி. மகலனோபிஸ் இதனை எதிர்கொண்டது தரவுகளின் வழியாகவே. கல்கத்தா ஆங்கிலோ-இந்தியர்களின் உடலளவுகளை விலங்கியல் அறிஞர் நெல்சன் அன்னண்டேல் சேகரித்திருந்தார். அவற்றை ஆராயும் பணி மகலனோபிஸிடம் வந்தது. 1930இல் அவர் வெளியிட்ட கட்டுரை, வேறுபாட்டைச் சோதிப்பதும் வேறுபாட்டை அளப்பதும் இருவேறு செயல்கள் என்பதைத் தலைப்பிலேயே உணர்த்தியது. மாதிரி பெருகினால் சோதனை கூர்மையடையும். அளவையோ ஒரு நிலையான மதிப்பை நெருங்க வேண்டும். இவ்வளவையின் முழுவடிவம் 1936இல் வெளிவந்தது. அதில் பண்புகளுக்கிடையிலான ஒட்டுறவும் கணக்கில் கொள்ளப்பட்டது. உயரமும் கால் நீளமும் சேர்ந்தே கூடுபவை; தனித்தனியே கூட்டினால் ஒரே வேறுபாடு இருமுறை எண்ணப்பட்டுவிடும். இதுவே டி-வர்க்கம் எனவும் ‘மகலனோபிஸ் தொலைவு’ எனவும் வழங்குகிறது.

மனிதரை இனங்களாக வகைப்படுத்தும் அக்கால வேட்கை இன்று மதிப்பிழந்துவிட்டது. கருவி அதனைக் கடந்து நின்றது. சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ஹடகலியில் பிறந்த சி. ஆர். ராவ், 1946இல் கேம்பிரிட்ஜ் சென்றது, சூடானின் ஜெபல் மோயா அகழாய்வில் கிடைத்த எலும்புகளை இம்முறையால் ஆராய்வதற்காகவே.

ஒரே ஒரு பண்பை மட்டும் கொண்டால், டி-வர்க்கத்தின் வர்க்கமூலம் கோஹன் பின்னர் பரப்பிய விளைவு அளவேயாகும். அதற்கு அவர் 0.2 சிறிது, 0.5 நடுத்தரம், 0.8 பெரிது என எல்லைகள் வகுத்தார். துறைசார்ந்த வேறு அடிப்படை இல்லாதபோது மட்டுமே இவை பயன்பட வேண்டும் என்ற எச்சரிக்கையையும் சேர்த்தே தந்தார். எச்சரிக்கை மறைந்து எல்லைகள் மட்டும் எஞ்சின. 0.05 என்ற பழைய வாய்பாட்டின் இடத்தில் புதியதொரு வாய்பாடு அமர்ந்ததைத் தவிர இதனால் விளைந்த நன்மை குறைவே.

அளவு தெரிந்தாலும் அதன் நடைமுறை முக்கியத்துவம் தானாகத் தெரிந்துவிடாது. அமெரிக்காவில் 22,071 மருத்துவர்களிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வின் 1988ஆம் ஆண்டு முதனிலை அறிக்கை இதற்குச் சான்று. ஆஸ்பிரின் உண்டவர்களில் 104 பேருக்கும், ஏறத்தாழ அதே எண்ணிக்கையிலான போலி மாத்திரைக் குழுவில் 189 பேருக்கும் மாரடைப்பு நேர்ந்தது. மாத்திரைக்கும் மாரடைப்புக்கும் இடையிலான ஒட்டுறவு வெறும் 0.034, கோஹனின் வாய்பாட்டில் ‘சிறிது’ என்ற பெயருக்குக்கூட அது எட்டாது. ஆயினும் ஆய்வின் ஆஸ்பிரின் பகுதி குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. மாரடைப்பு குறைவது தெளிவாகிவிட்டதும் அதற்கு ஒரு காரணம். மறுபுறம், மூளைக் குருதிக்கசிவால் வரும் பக்கவாதம் ஆஸ்பிரின் குழுவில் சற்றுக் கூடுதலாகத் தென்பட்டது. எனவே ஒருவருக்கு மாத்திரை தரலாமா என்பதை மருத்துவர் இவ்விரண்டையும் அவருடைய வயதையும் நோய் வரலாற்றையும் சேர்த்தே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.