பெரகல: மூன்று பத்திகளுக்குள் அடங்காத ஊர்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா வழியாக மலையேறும் ஏ-4 நெடுஞ்சாலை, ஹல்துமுல்லையைக் கடந்த சிறிது தூரத்தில் இரண்டாகப் பிரிகிறது. நேரே செல்லும் பாதை கொஸ்லந்தை, வெல்லவாய வழியாகக் கிழக்குச் சமவெளிக்கு இறங்குகிறது. இடப்புறம் திரும்பும் ஏ-16 பாதை ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலி-எலைக்குச் சென்று பதுளை வீதியுடன் இணைகிறது. இப்பிரிவில் அமைந்த சிற்றூர்தான் பெரகல. பதுளைக்குப் போகும் 99ஆம் இலக்க பஸ்ஸில் பயணம் செய்தவர்கள் அனைவரும் இவ்வூரைக் கண்டிருப்பார்கள். ஆனால், இங்கே இறங்கியவர்கள் மிகக் குறைவு.

சுற்றுலாக் கைநூல்களில் இவ்வூருக்கு ஒரு வரிதான் கிடைக்கும். ஹப்புத்தளைக்கு லிப்டன் ஆசனமும் அடிசம் மாளிகையும் உண்டு. கொஸ்லந்தைக்கு அப்பால் 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழும் தியலும நீர்வீழ்ச்சி உண்டு. பெரகலவுக்கு இருப்பது ஒரு சந்தி மட்டுமே. இருந்தும், மலையகத்தின் குடிசன வரலாற்றை ஓரிடத்தில் நின்று படிக்க விரும்புபவருக்கு நான் பரிந்துரைப்பது இந்தச் சந்தியைத்தான். முப்பது ஆண்டுகளாகச் செய்தித் தொழிலின் பொருட்டு இவ்வழியே போய்வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பெயரிலிருந்து தொடங்கலாம். சிங்களத்தில் ‘பெர’ என்றால் முரசு. ‘கல’ என்றால் கல். தென்மேல் பருவக்காற்றை மத்திய மலைநாட்டின் தெற்குச் சரிவு முகங்கொடுத்து வாங்கும் இடம் இது. காலையில் தெளிவாகத் தெரியும் சமவெளி, நண்பகலுக்குள் மூடுபனியில் மறைந்துவிடும். ஹப்புத்தளை முகட்டைக் கடந்து மறுபக்கம் வீசும் அதே காற்று ஈரமிழந்து உலர்ந்த காற்றாகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்தக் காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனி மணத்தைத் தேடிக் கொடுத்தது.

பெரகல மனிதர்களின் கதை தேயிலைக்கு முன்பே தொடங்குகிறது. 1817-18 ஊவா-வெல்லஸ்ஸக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கிய விதம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. வீடுகள் கொளுத்தப்பட்டன, வயல்களும் நீர்ப்பாசன வழிகளும் அழிக்கப்பட்டன, கால்நடைகள் கொல்லப்பட்டன. கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய கெப்பெட்டிபொல திசாவை 1818 நவம்பரில் சிரச்சேதம் செய்யப்பட்டார். ஊவாவின் சிங்களக் கிராமங்கள் அந்த அடியிலிருந்து பல தலைமுறைகளாக எழவில்லை. பின்னர் 1840இன் முடிக்குரிய நிலச் சட்டம் வந்தது. உறுதி காட்ட முடியாத காடும் சேனை நிலமும் அரசுக்குரியவை என்றானது; அங்கிருந்து அவை தோட்டக்காரர்களின் கைக்குப் போயின.

முதலில் கோப்பி வந்தது. 1869இல் இலை நோய் தோன்றிச் சில ஆண்டுகளில் கோப்பியைத் தின்று தீர்த்தது. அதன்பின் தேயிலை. 1890இல் இலங்கைக்கு வந்த தோமஸ் லிப்டன் ஹப்புத்தளைப் பகுதியில் தோட்டங்களை வாங்கினார். 1893இல் ரயில் ஹப்புத்தளையை எட்டியது. கோப்பிக் காலத்தில் வந்து போகும் கூலியாக இருந்தவர், தேயிலைக் காலத்தில் குடும்பத்தோடு லயத்தில் குடியேறியவரானார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கை வேண்டும், கொழுந்து காத்திருக்காது. தமிழ்நாட்டின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் கொண்டுவந்து சேர்த்த மக்களின் பேரப்பிள்ளைகளே, இன்று பெரகலவைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்பவர்கள்.

ஆக, சந்திக்கு மேலும் கீழும் வாழும் இரு சமூகங்களுக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஒருவர் நிலத்தை இழந்தவர். மற்றவர் நிலமில்லாமல் கொண்டுவரப்பட்டவர். இரண்டு இழப்புகளுக்கும் காரணகர்த்தா ஒருவரே. ஆனால் அரசியல் மேடைகளில் இந்த உண்மை பேசப்படுவதில்லை. அங்கே ஒருவரின் இழப்புக்கு மற்றவரே காரணம் என்றுதான் சொல்லப்பட்டு வந்திருக்கிறது.

இனி எண்களுக்கு வருவோம். 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் ‘இந்தியத் தமிழர்’ என்ற தனிப்பத்தி முதன்முதலாக வந்தது. அன்று அவர்கள் 5 லட்சத்து 30 ஆயிரம் பேர். நாட்டு மக்களில் ஏறத்தாழ 13 சதவீதம். 1953இல் 9 லட்சத்து 74 ஆயிரம். 1971இல் 11 லட்சத்து 74 ஆயிரம். 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரம். பத்து ஆண்டுகளில் மூன்றரை லட்சம் பேர் குறைந்திருக்கிறார்கள்! போரோ பஞ்சமோ மட்டும் காரணமாக ஒரு சமூகம் இப்படிக் குறைவதில்லை. கையெழுத்துகளாலும் குறையும்.

1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1947 தேர்தலில் 7 ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியன் காங்கிரசுக்கு 1952இல் ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை. 1964 ஒக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 லட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. மீதியிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தலைமன்னார் வரை ரயிலிலும் அங்கிருந்து கப்பலிலும் சென்றவர்களில் பலர், நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையைச் சுமந்தார்கள். 1977இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்கள் இன்னொரு பகுதியினரை வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் விரட்டின. நாடற்ற நிலை என்ற அத்தியாயம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்துடன்தான் முடிவுக்கு வந்தது.

2012இல் பதுளை மாவட்டத்தின் சனத்தொகை 8 லட்சத்து 15 ஆயிரம். இதில் சிங்களவர் 73 சதவீதம். இந்தியத் தமிழர் எனப் பதிந்தோர் ஏறத்தாழ ஒன்றரை லட்சம், அதாவது 18 சதவீதத்துக்குச் சற்று மேல். முஸ்லிம்கள் ஐந்தரை சதவீதம் அளவில். எஞ்சியோரில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர் எனப் பதிந்தவர்கள். இந்தக் கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். லயத்தில் பிறந்து ஆசிரியரானவர், கடை வைத்தவர், நகருக்குக் குடிபெயர்ந்தவர் ஆகியோரில் பலர் பிறப்புச் சான்றிதழிலேயே ‘இந்திய’ என்ற அடைமொழியைக் கைவிட்டுவிட்டார்கள். வன்செயல்களைக் கண்டவர்கள் அப்படிச் செய்ததில் வியப்பில்லை.

இனி, பெரகல என்ற ஊர் இந்தக் கணக்கில் எங்கே இருக்கிறது? இலங்கையின் புள்ளிவிபரத் திணைக்களம் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பிரிக்கிறது. மாநகர சபையோ நகர சபையோ உள்ள இடம் மட்டுமே நகரம். 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும் குறைந்தது பத்துத் தொழிலாளர் குடியிருப்பும் உள்ள பெருந்தோட்டம் ‘தோட்டம்’. மற்றவை யாவும் கிராமம். ஹல்துமுல்லைப் பிரதேச சபைக்குட்பட்ட பெரகலச் சந்தி, கணக்கின்படி கிராமமே. ஆனால் இதைக் கிராமம் என்று யாரும் அழைப்பதில்லை. தோட்டத்திலிருந்து இறங்கி வருபவர் ‘டவுனுக்குப் போயிட்டு வாறேன்’ என்றுதான் சொல்கிறார். அவருக்கு இதுவே நகரம்.

காலை ஆறு மணிக்குச் சந்தியில் நின்று பார்த்தால் அது ஏன் என்று விளங்கும். தூரப் பயண பஸ்கள் தேநீருக்கு நிற்கின்றன. மலைச் சரிவிலிருந்து வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் நடந்து வருகிறார்கள்; தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளும் சிங்களப் பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள். மரக்கறி மூட்டைகள் லொறியில் ஏறுகின்றன. சாப்பாட்டுக் கடையில் றொட்டி கேட்பவர் சிங்களத்தில் கேட்கிறார். பரிமாறுபவர் தமிழில் உள்ளே குரல் கொடுக்கிறார். காசை வாங்கும் முதலாளி இரண்டு மொழியிலும் மிச்சம் சொல்கிறார். இந்த மொழியறிவை எந்தப் பாடசாலையும் கற்பிக்கவில்லை. கடன் கொப்பி கற்பித்தது. சம்பள நாள் வரை பொறுத்திருக்கும் கடைக்காரரும், சம்பள நாளில் முதலில் அவரைத் தேடி வரும் தொழிலாளியும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டே ஆகவேண்டும்.

அரசாங்கத்துக்கு இவ்விடயம் தாமதமாகவே உறைத்தது. ஹல்துமுல்லை உட்படச் சில பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல்தான் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனம் செய்யப்பட்டன. ஆயினும், வர்த்தமானியில் உள்ள தமிழ் இன்னும் எல்லாக் கருமபீடங்களுக்கும் வந்து சேரவில்லை. தோட்டத்து வீதியொன்றைப் பிரதேச சபை தன் பணத்தில் செப்பனிடுவதற்குத் தடையாக இருந்த சட்டம் 2018இல்தான் திருத்தப்பட்டது. அதுவரை, வாக்குக் கேட்க வரலாம், வீதி போட வரமுடியாது என்பதே நிலைமை.

இன்னொரு மாற்றத்தையும் சந்தியில் காணலாம். இரவு பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞர்களின் கைப்பைகள் அதைச் சொல்லும். புறக்கோட்டைப் புடைவைக் கடைக்கும், கொழும்பு வீடுகளுக்கும், ஆடைத் தொழிற்சாலைக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போகிறவர்கள் அவர்கள். தோட்டத்தில் பெயர், வேறிடத்தில் உழைப்பு. லயத்தில் எஞ்சுவோர் முதியவர்களும் பிள்ளைகளும். ஆகவே ‘தோட்ட மக்கள்’ என்றதும் கொழுந்து பறிக்கும் பெண்ணை மட்டும் நினைப்பது இன்று பொருந்தாது.

இந்த எண்ணிக்கைப் பிழை எத்தனை கொடியது என்பதை 2014 ஒக்டோபர் 29 காட்டியது. அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஆபத்து உண்டு என்று கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்த இடம் அது. முதல் நாளில் நூற்றுக்கணக்கானோர் மண்ணுக்குள் என்றார்கள். மறுநாள் எண் குறைந்தது. பின்னர் மேலும் குறைந்து, நாற்பதை ஒட்டி வந்து நின்றது. அன்று செய்தி அறையில் இருந்தவர்கள் எவரும் அந்த எண்களின் தடுமாற்றத்தை மறக்கமாட்டார்கள். வேலைக்குப் போனவர் யார், பாடசாலைக்குப் போன பிள்ளை எது, கொழும்பில் இருப்பவர் யார் என்று உடனே சொல்லக்கூடிய பதிவு எவரிடமும் இருக்கவில்லை. நூற்றாண்டுக்கு மேலாகக் கொழுந்தை நாள் தவறாமல் இறாத்தலிலும் கிலோவிலும் நிறுத்து எழுதிய மலைநாட்டில், மனிதர்களின் கணக்கு உரிய வேளையில் கிடைக்கவில்லை.

உயிர்தப்பிய குடும்பங்கள் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் காத்திருந்து, 2016இல் 75 புதிய வீடுகளைப் பெற்றன. ஆனால் மலை அத்தோடு அமைதியாகிவிடவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலைப் பகுதியில் மீண்டும் லயங்கள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் பதுளை மாவட்டத்தையே உலுக்கியது. ஒவ்வொரு மழைக்கும் பாடசாலை மண்டபத்துக்குப் போய், வெயிலுக்கு அதே லயத்துக்குத் திரும்பும் வாழ்க்கை தொடர்கிறது. பாதுகாப்பான நிலத்தில் உறுதியோடு கூடிய ஒரு துண்டுக் காணி என்ற கோரிக்கை இங்கே உயிர் பற்றிய கோரிக்கை.

2024இல் எடுக்கப்பட்ட குடிசன மதிப்பீட்டில் ‘இந்தியத் தமிழர்’ என்பதோடு ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்க்கப்பட்டது. மலையக மக்கள் நெடுங்காலமாகக் கேட்டுவந்த பெயர் அது. ஆனால் முடிவு வந்தபோது அந்தப் பத்தியில் நாட்டு மக்களில் 2.8 சதவீதமே இருந்தார்கள். 2012இல் அது 4.1 சதவீதம். அதே காலத்தில் 11 சதவீத அளவில் இருந்த இலங்கைத் தமிழர் பங்கு 12 சதவீதத்தைத் தாண்டியது. மலையகத்தில் மக்கள் அழிந்துவிடவில்லை. பெரும்பாலும் பத்தி மாறியிருக்கிறார்கள் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. எப்படிப் பதிவதென்பது ஒவ்வொருவரின் உரிமை. எனினும் வீடமைப்பு நிதியும், பல்கலைக்கழக வாய்ப்புப் பற்றிய வாதமும், தொகுதி எல்லை நிர்ணயமும் அந்த எண்ணை வைத்தே நடக்கும். 2.8 சதவீதத்துக்கு எத்தனை வீடு போதும் என்று நாளை ஓர் அதிகாரி கேட்பார். அவருக்குப் பதில் சொல்வதற்கு லயத்தின் கதவு எண்களையே நாம் எண்ணிவைத்திருக்க வேண்டும்.

பெரகலவில் ஒரு பிரதேச சபை உறுப்பினரோ, ஓர் ஆசிரியரோ, படித்த இளைஞர் சிலரோ முனைந்தால், சுற்றியுள்ள தோட்டங்களில் யார் எங்கே வாழ்கிறார்கள், எந்த லயம் எச்சரிக்கை வலயத்தில் இருக்கிறது என்று ஒரே மாதத்தில் ஒரு கொப்பியில் எழுதிவிடலாம். அடுத்த பருவமழைக்கு முன் அதை யாராவது தொடங்குவார்களா?